ஏழு மட்டும் விழாத டைப்ரைட்டர்

1

பத்திரிகையில் எழுத நான் யார் என்று நீங்கள் கேட்கலாம். பதினோராம் வகுப்பு முடித்தவன். அதற்கு மேல் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தேன், அவ்வளவுதான். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசச் சொன்னால் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன். உங்கள் பத்திரிகையில் வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாம் டாக்டர், என்ஜினீயர். அவர்கள் நடுவில் என் பெயரையும் போட்டு மூன்று பக்கத்தை வீணாக்குவதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊர் குத்தாலம் பக்கம். இப்போது இருப்பது ஜாம்பியாவில், தலைநகரிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரத் தொலைவில் ஒரு சின்ன டவுன். என் மனைவி மரகதம் இங்கே அரசு மேல்நிலைப் பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியை. நாங்கள் வந்து இன்றோடு பதினேழு வருஷம். இன்று வெள்ளிக்கிழமை. மரகதம் தன் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டிய கடைசி நாளும் இன்றுதான். இரண்டு முறை தவணை கேட்டாகிவிட்டது. மூன்றாவது தவணை கிடையாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

இப்போது பகல் ஒன்றரை மணி. ஆய்வேடு எங்கள் சாப்பாட்டு மேசை மேல்தான் இருக்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2

இந்த ஊருக்கு மரகதத்துக்குத்தான் வேலை வந்தது. எனக்குப் பாஸ்போர்ட்டில் அவளைச் சார்ந்தவன் என்று ஒரு முத்திரை. அந்த முத்திரை இருந்தால் வேலை செய்யக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். முதல் தடவை போனபோது விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், சம்பாதிப்பது மனைவி. யோசித்து, இங்கிலீஷில் 'ஹவுஸ்வைஃப்' என்று எழுதினேன். அந்த வார்த்தை பெண்பிள்ளைக்கு மட்டும் உரியது என்று எனக்கு உறைக்கவில்லை. கவுண்டரில் இருந்தவர் படித்துவிட்டு உள்ளே போய் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் மரகதம், "எழுதினது பொய்யில்லியே, விடுங்க. என் வீட்டுக்காரர்னு எல்லாரும் சொல்றாங்க. வீட்டைப் பாத்துக்கிறவரு அப்படின்னு வச்சுக்கலாம்" என்றாள்.

பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். காலையில் எழுந்து சோறு வடிப்பேன். பின்பக்கம் பீன்ஸும் கத்தரியும் போட்டிருக்கிறேன். மக்காச்சோள மாவுக்கு வரிசை இருந்தால் போய் நிற்பேன். எங்கள் ஒரே மகள் செல்விக்கு இங்கே வரும்போது மூன்று வயது. இப்போது அதே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். லீவில் வந்தால் தமிழில் ஆரம்பித்து இங்கிலீஷில் முடிப்பாள். நடுவில் இந்த ஊர்ப் பாஷையும் வரும். நான் பாதியைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவேன். அவள் எழுதுகிற கடிதங்களை மரகதம்தான் எனக்குப் படித்துச் சொல்வாள். எதை விட்டுவிட்டுச் சொல்கிறாள் என்று நான் கேட்பதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு புது விதி வந்தது. பள்ளி நிர்வாகப் பொறுப்பில் இருக்கிற வெளிநாட்டார், பள்ளித் தலைமை பற்றி மேல்பட்டம் வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் நீடிக்காது. மரகதத்துக்கு அப்போது ஐம்பது வயது முடிந்திருந்தது. இருபத்தெட்டு வருஷம் பாடம் நடத்தியவள், அதில் முக்கால்வாசி ஒரு பள்ளிக்கூடத்தை ஏதோ ஒரு விதத்தில் தலையில் தாங்கியவள், நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொண்டு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த பெண் அவளிடமே படித்தவள்.

"என் ஸ்டூடண்ட்டு எனக்கு நோட்ஸ் தருதுங்க" என்று முதல் வாரம் வந்து சொன்னாள். "மார்க்கும் என்னைவிட ஜாஸ்தி."

"வருத்தமா?"

"வருத்தமா? நான் சொல்லிக்கொடுத்த கையெழுத்துங்க அது."

சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் போய்த் திரும்புவாள். அவள் விதிக்காக மட்டும் படிக்கவில்லை. தலைமை ஆசிரியர் என்றால் யார், அவர் கையெழுத்துப் போட்டால் அந்தக் கையெழுத்து எதற்கெல்லாம் பொறுப்பு என்று ஒரு கேள்வி அவளிடம் வெகுநாளாக இருந்தது. அது எங்கிருந்து வந்த கேள்வி என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்துவிட்டேன்.

3

ஆய்வேட்டை டைப் அடித்தது நான். பழைய மெஷின், இங்கே ஊரை விட்டுப் போன ஒரு குடும்பத்திடம் வாங்கியது. அதில் ஏழு மட்டும் விழாது. ஏழு வருகிற இடத்தில் எல்லாம் இடம் விட்டுவிட்டு, பிறகு பேனாவால் எழுதுவேன். ஏழின் நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு போடுவது என் வழக்கம். ஒன்று என்று யாரும் படித்துவிடக் கூடாதே என்று பள்ளிக்கூடத்தில் பழகியது.

இங்கிலீஷ் எனக்கு எழுத்தெழுத்தாகத்தான் தெரியும். அர்த்தம் முழுக்கப் பிடிபடாது. அதனால் தப்பில்லாமல் அடிப்பேன். ஆனால் நாலாவது அத்தியாயத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெயர் வந்தது. காத்தாயி என்ற பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தபோது விரல் நின்றுவிட்டது.

குத்தாலம் பக்கத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் மரகதம் தலைமை ஆசிரியையாக இருந்த காலம் அது. பள்ளி கூலிக்காரத் தெருவை ஒட்டி இருந்தது. மதியம் பிள்ளைகளுக்குக் கோதுமை உப்புமா. அதைக் கிண்டுகிறவள் காத்தாயி, அதே தெருவில் இருந்தவள். முப்பது வயது இருக்கும். அவள் புருஷன் விவசாயக் கூலிகளின் சங்கத்தில் கொடி பிடிக்கிறவன்.

மரகதம் பாடமும் நடத்தி, பதிவேடுகளும் எழுதி, ஒன்றிய அலுவலகத்துக்கும் அலைவாள். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். எனக்கும் நிரந்தர வேலை கிடையாது, அப்பாவின் குத்தகை நிலத்தில் கூடமாட நிற்பதுதான். அதனால் பள்ளிப் பதிவேடுகளை நானே எழுத ஆரம்பித்தேன். அரசாங்கப் பதிவேட்டை வெளியாள் தொடக் கூடாது என்று இருவருக்கும் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் டீச்சர் வீட்டுக்காரர் பதிவேடு எழுதுவது புதிதும் இல்லை. மரகதம் மாதக் கடைசியில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவாள். படித்துப் பார்க்க மாட்டாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

சமையல் சாமான் பதிவேட்டில் தினமும் காத்தாயி கைநாட்டு வைக்க வேண்டும், இன்றைக்கு இவ்வளவு கோதுமை, இவ்வளவு எண்ணெய் வாங்கிக்கொண்டேன் என்று. ஊதா மை. ஒருநாள் அவள் கையை நீட்டி, "இந்த மையி போவ மாட்டேங்குதுங்கய்யா. உப்புமாவுல ஊதாக் கலர் எறங்குது. புள்ளைவ கத்திரிக்கா போட்டியான்னு கேக்குதுவ" என்றாள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மாதம் முதல் தேதியிலேயே அந்த மாதத்துப் பள்ளி நாட்கள் அத்தனைக்கும் கைநாட்டு வாங்கிவிட்டால் என்ன? அளவுகளை அந்தந்த நாளில் நான் எழுதிக்கொள்வேன். பக்கமும் பார்க்க ஒழுங்காக இருக்கும், மை சிந்தாமல்.

அப்படியே செய்தோம். காத்தாயி ஒவ்வொரு முதல் தேதியும் மேசைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு வரிசையாகக் கட்டை விரலை அழுத்துவாள்.

"இத்தன வச்சா என் ரேகையெல்லாம் எறங்கி ஒங்க நோட்டுல குடி வந்துரும் அய்யா."

"பட்டா போட்டுத் தந்துடறேன் காத்தாயி."

"நோட்டுலயாச்சும் ஒரு பட்டா கெடச்சுதே எங்க சனத்துக்கு." பிறகு எழுந்து சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு, "ஒரு மாசத்து வேலையும் முடிஞ்சிருச்சு. நாளைலேந்து நான் வரல போங்க" என்பாள். மாதாமாதம் இதே பேச்சு. மாதாமாதம் சிரிப்போம்.

4

அந்த வருஷம் சம்பா அறுப்புக்குக் கூலி தகராறு. ஒரு கலம் நெல் அறுத்தால் அரை மரக்கால் கூடக் கேட்டார்கள். பெரிய மிராசுதார் மறுத்தார், கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து வெளியாட்களை லாரியில் இறக்கினார். கழக ஆட்சி வந்ததும் எல்லாம் மாறும் என்று தெருவில் பேசிக்கொண்டிருந்தவர்கள், வாய்க்கால் கரையில் போலீஸ் கூடாரம் அடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிப்ரவரி ஒன்பதாம் தேதி முற்பகலில் கூலிக்காரர்கள் வயலில் இறங்கி வெளியாட்களை மறித்தார்கள். கைகலப்பு. மிராசுதாரின் நிலங்களைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரருக்கு மண்டை உடைந்தது. இருபத்துமூன்று பேர் மேல் வழக்கு. அதில் காத்தாயி பெயரும் இருந்தது, அரிவாளோடு முன்னால் நின்றதாக. பதினோராம் தேதி வந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஒன்பதாம் தேதி காத்தாயி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மரகதம் வகுப்பிலிருந்து அவளைப் பார்த்தாள். ஆனால் காலையில் வந்தபோது ஒருமுறை, மதியம் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது ஒருமுறை. நடுவில் இரண்டு மணி நேரத்தில் வயலுக்குப் போய் வந்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்காகத்தான் காத்தாயியின் வக்கீல் பதிவேட்டைக் கேட்டார். ஒன்பதாம் தேதி கைநாட்டு இருக்கிறதே, அது போதும் என்றார்.

சாட்சி சொல்லப் போகிற அன்று காலையில் மரகதம் பதிவேட்டை மஞ்சள் பையில் வைத்தாள். "நல்லவேளைங்க, இது ஒண்ணு நம்மகிட்ட இருக்கு" என்றாள். அந்தப் பக்கத்தில் பிப்ரவரி இருபத்தெட்டு வரைக்கும் கைநாட்டு இருந்தது. பதினோராம் தேதிக்குப் பிறகு சமையலே நடக்கவில்லை, அளவுக் கட்டங்கள் காலி. கைநாட்டு மட்டும் வரிசையாக நின்றது. எனக்கு அது அந்த நிமிஷத்தில் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். மரகதம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "என்னங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். இப்போது போய் எப்படிச் சொல்வது என்று இருந்தது. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றும் நினைத்தேன்.

கவனித்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கைநாட்டுகள் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"டீச்சரம்மா, பன்னெண்டாந்தேதி இந்தம்மா எங்க இருந்திச்சு?"

"போலீஸ் காவல்ல."

"பதினாலு?"

"காவல்லதான்."

"அங்கேருந்து பறந்து வந்து நாட்டு வச்சுட்டு, திரும்பவும் பறந்து போயிருச்சா? இல்ல, கட்டை விரல மட்டும் அனுப்பி வச்சுதா?"

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று முழுக்கக் கேட்காத காத்தாயியும், எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மரகதம் அந்தப் பக்கத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். நிமிர்ந்து, கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். பிறகு, "மாசத்துக்கு ஒருதரம் மொத்தமா நான்தான் வாங்கினேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் கண்ணால் கண்டதாகச் சொன்னது எதையும் யாரும் காதில் வாங்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில், "நீங்க எதுவும் பேசாதீங்க. வெளியாளு ரிஜிஸ்டர் எழுதினது தெரிஞ்சா வேலை போயிரும். உங்க அப்பா குத்தகையும் போயிரும்" என்றாள். அப்பா உழுதது அந்த மிராசுதாரின் நிலம். குத்தகையைப் பதிவு செய்ய தாசில்தாரிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அவள் சொன்னது சரி. அவள் சொல்லாவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேன்.

காத்தாயிக்கு ஒரு வருஷம் தண்டனை. பள்ளிக்கு வேறு ஆள் போட்டார்கள். மரகதத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பிறகு பூதலூர் பக்கம் மாற்றல். அப்பாவின் குத்தகைப் பதிவு கடைசிவரை ஆகவில்லை.

5

ஆப்பிரிக்காவுக்கு ஆசிரியர் தேவை என்று விளம்பரம் பார்த்து மரகதம் மனுப் போட்டதும், வேலை கிடைத்ததும், நாங்கள் பெட்டியோடு பூதலூர் ஸ்டேஷனில் நின்றதும் அதற்கு மூன்று வருஷம் கழித்து. மரகதம் செல்விக்குப் பால் வாங்கப் போயிருந்தாள். எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு பாசஞ்சர் வந்து நின்றது. அறுப்புக்கு வெளியூரிலிருந்து கூட்டி வந்த ஆட்கள் இறங்கினார்கள். அதில் காத்தாயி இருந்தாள், கக்கத்தில் அரிவாளைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு. அன்றைக்கு வெளியாட்களை மறித்தாள் என்றுதானே அவளைப் பிடித்தார்கள். இப்போது அவளே வெளியாள்.

தண்டவாளத்தைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள்.

"அய்யா, நல்லாருக்கீங்களா? டீச்சரம்மா சொவமா? பாப்பாவா இது? ஒங்க மூக்கு."

"எப்படி இருக்கே காத்தாயி?"

"இருக்கேன். இங்கிட்டுக் கூலி பரவால்லங்கறாங்க." அரிவாளை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "டீச்சரம்மாதான் நாட்டு வாங்குனாங்கன்னு கோர்ட்டுல சொன்னாங்கள்ல. எங்க வக்கீலு எங்கிட்டயும் கேட்டாரு. ஆமான்னுட்டேன். அய்யா பேர நான் எடுக்கல. அன்னிக்கு அய்யா வெறகு கொண்டாந்தீங்களே, அதையும் சொல்லல. சொன்னா டீச்சரம்மாவுக்கு வேலை போயிரும்னாங்க தெருவுல. புள்ளைவளுக்கு அப்புறம் யாரு சொல்லிக் குடுப்பாங்க?" என்றாள்.

மேஸ்திரி அங்கிருந்து கத்தினான். "வாரேன்யா" என்று ஓடினாள். மரகதம் பாலோடு வந்தாள். யார் அது என்று கேட்டாள். வழி கேட்டாங்க என்றேன்.

வந்தது காத்தாயி என்று மரகதத்துக்கு இன்று வரை தெரியாது.

6

நாலாவது அத்தியாயத்தில் மரகதம் இதையெல்லாம் எழுதியிருந்தாள். ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் மாற்றி, காத்தாயி பெயரை மட்டும் மாற்றாமல். கைநாட்டு வாங்கியது தலைமை ஆசிரியையே என்று எழுதியிருந்தாள். 'சம்பவ நேரத்தில் பள்ளி வளாகத்தில் வேறு பெரியவர் எவரும் இல்லை' என்று ஒரு வரி. அர்த்தம் புரிந்தே அந்த வரியை நான் தப்பில்லாமல் டைப் அடித்தேன்.

சென்ற மாதம் செல்வி லீவில் வந்தாள். அம்மா எழுதியதை எடுத்து நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு ஒரே மூச்சில் படித்தாள். எனக்கு ஒரு வாரம் பிடித்த பக்கங்கள் அவளுக்கு ஒரு மணி நேரம்.

"அப்பா, நீங்க எங்க இருந்தீங்க அன்னிக்கு?"

"எப்ப?"

"அந்த நைன்த். அம்மா கிளாஸ்ல இருந்தாங்க. காத்தாயி கிச்சன்ல இருந்தாங்க. நீங்க?"

"வயல்ல" என்றேன்.

"அப்ப அந்தச் சண்டையைப் பாத்தீங்களா?"

"வேற வயல்."

மரகதம் அடுப்பங்கரையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரை ஆய்கிற சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் வழிகாட்டிப் பேராசிரியர் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பினார். முவாலே என்று பெயர், மரகதத்தைவிடப் பத்து வயது இளையவர். கோர்ட்டில் வாங்கிய அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலை மரகதம் கடைசியில் இணைத்திருந்தாள். முவாலே அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எண்களைப் பார்த்திருக்கிறார். பதிவேட்டில் ஏழாம் தேதிக்கு நேரே இருக்கிற ஏழில் ஒரு குறுக்குக் கோடு. ஆய்வேட்டின் பக்கங்களில் பேனாவால் எழுதின ஏழிலும் அதே குறுக்குக் கோடு. மரகதம் தன் கையால் எழுதின குறிப்புகளில் ஏழுக்குக் கோடு கிடையாது. இரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டு ஓரத்தில் எழுதியிருந்தார்: உங்கள் தட்டச்சரும் அந்தப் பதிவேட்டை எழுதியவரும் ஒரே ஆள். அவர் செய்ததையும், அன்று ஏதும் பார்த்திருந்தால் அதையும் அவரே எழுதிக் கையெழுத்திட்டு இணைக்கட்டும். அப்படி வந்தால் இந்த ஆய்வின் உயிர் இந்த அத்தியாயம்தான். வராவிட்டால் இதை நான் அனுமதிக்க முடியாது.

மரகதம் அதைத் தமிழில் எனக்குப் படித்துக் காட்டினாள். பதினேழு வருஷத்தில், அதற்கும் முந்திய மூன்று வருஷத்தில், அவள் கேட்காததை அன்று கேட்டாள்.

"ஏங்க மொத்தமா வாங்கினீங்க?"

"அவ கையில மை ஒட்டுதுன்னா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அந்தத் தாளை மடித்துக்கொண்டே, "அன்னிக்கு நீங்க ஸ்கூலுக்கு வெறகு கொண்டாந்தீங்கல்ல? மணி அடிக்கிறப்ப ஒரு புதுக் கட்டு கெடந்துது. நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

அவளுக்கு அது தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"நீயே எழுதிடேன் மரகதம். நான் கையெழுத்துப் போடறேன்."

"நான் எழுதினா மறுபடியும் நான் சொன்னதாத்தான் ஆவும். ஒருதரம் நான் சொன்னது போதும். நீங்கதான் சொல்லணும்."

"அந்த அத்தியாயத்தையே எடுத்துட்டா?"

"எடுத்துட்டு? பொய்யை மறைச்சுப் பட்டம் வாங்கிட்டு வந்து, நாளைக்கு எந்த வாத்தியாரைக் கூப்ட்டு ரிஜிஸ்டரை ஒழுங்கா எழுதுப்பான்னு சொல்றது?"

பட்டம் இல்லாவிட்டால் டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. செல்வி படிப்பு நடுவில் நிற்கும். திரும்பிப் போக ஊரில் எங்களுக்கு ஒரு குழி நிலமும் இல்லை, வேலையும் இல்லை. மரகதம் இதையெல்லாம் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதது இல்லையே. எழுத வேண்டியது ஒரு பக்கம். ஆனால் ஆய்வேடு அங்கே நூலகத்தில் இருக்கும். செல்வி அங்கேதான் படிக்கிறாள். 'வயல்ல' என்று நான் சொன்னதை அவள் எடுத்து வைத்துப் பார்ப்பாள். எந்தக் கூண்டில் ஏறுவதைவிடவும் அது எனக்குப் பயமாக இருந்தது.

7

"வெள்ளிக்கெழமை காலைல தந்துடறேன்" என்று சொல்லியிருந்தேன்.

இன்று காலை எழுந்தபோது மெஷினில் ஒரு வெள்ளைத் தாளை மாட்டி, மேலே 'அன்று நான் கண்டது' என்று இங்கிலீஷில் தலைப்பு மட்டும் மரகதமே அடித்து வைத்திருந்தாள். அவளுக்கு டைப் அடிக்க வராது, ஒரு விரலால் அடித்திருக்க வேண்டும். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் மாவுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

கடையில் வரிசை நீளமாக இருந்தது. எங்கள் வீட்டில் மாவு இன்னும் பத்து நாளைக்கு இருக்கிறது. ஏழு மணி பஸ் ரோட்டில் போவதைப் பார்த்தேன். நேராக வீட்டுக்குப் போனால் பத்து மணி பஸ்ஸைப் பிடிக்கலாம், மூன்று மணிக்கு அலுவலகம் மூடுவதற்குள் அவள் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு எல்லாம் சரியாக வந்தது. என் முறை வந்தபோது எனக்குப் பின்னால் நின்ற ஒரு கிழவியை முன்னால் விட்டேன். பிறகு இன்னொருவரை. பத்து மணி பஸ்ஸும் போனது. அதற்குப் பிறகுதான் மாவை வாங்கினேன்.

வீட்டுக்கு வரும்போது பதினொன்று. மரகதம் வெளியூர் போகிறபோது கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு பீன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கைப்பை வாசற்படியில் இருந்தது.

"மாவு கெடச்சுதா?" என்றாள்.

"கெடச்சுது."

"வெயில் ஏறிடுச்சு. போய் மோர் குடிங்க. கலக்கி வச்சிருக்கேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். மோர் குடித்தேன். தாள் மெஷினிலேயே இருந்தது. இப்போது மணி மூன்றாகப் போகிறது. அந்தத் தாளில் போக வேண்டியதை, எனக்குத் தெரிந்த பாஷையில், இந்த நோட்டில் எழுதுகிறேன். நீங்கள் குத்தாலம் பக்கம், பூதலூர் பக்கம் இருப்பவர்கள். காத்தாயியைத் தெரிந்தவர் யாராவது உங்களில் இருக்கலாம்.

ஒன்பதாம் தேதி பத்தரை மணிக்கு நான் பள்ளிக்கு ஒரு கட்டு விறகு கொண்டுபோனேன். காத்தாயி முறத்தில் கோதுமையை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தீப்பெட்டி நமுத்துவிட்டது, வேறு இருக்கிறதா என்று கேட்டாள். கொடுத்தேன். அடுப்பு பற்றி எரிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். அப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயலிலிருந்து கூச்சல் கேட்டது. அவள் கரண்டியோடு எழுந்து நின்று, "என்னங்கய்யா சத்தம் அது?" என்று என்னைக் கேட்டாள். தெரியவில்லை என்றேன். உலை கொதிக்கிறது என்று திரும்பி உட்கார்ந்துவிட்டாள். கூச்சல் அடங்கிய பிறகுதான் நான் கிளம்பினேன். அதுவரை அவள் அங்கேயேதான் இருந்தாள். கைநாட்டுகளை மொத்தமாக வாங்கியது நான். மரகதம் வாங்கவில்லை.

இது மறுநாள், சனிக்கிழமை, சேர்த்து எழுதுவது. படிப்பிலிருந்து விலகிக்கொள்வதாகப் பல்கலைக்கழகத்துக்கு மரகதம் ஒரு கடிதம் எழுதினாள். நான் டைப் அடித்துக் கொடுத்தேன். தேதியில் ஒரு ஏழு வந்தது. அதைக் கையால் எழுதினேன்.